வெளிநாட்டில் வைஃபை காலிங்: ரோமிங் பில் வருமா, ஓடிபி வருமா?

மழைக்குருவி:

அடுத்த மாதம் வேலை விஷயமாக வெளிநாடு போகிறேன், சில வாரங்கள் அங்கேதான். ரோமிங் பேக் போடும் எண்ணம் இல்லை. தங்கும் இடத்தில் வைஃபை இருக்கிறது, அலுவலகத்திலும் இருக்கிறது. இங்கே வீட்டுக்குள் சிக்னல் குறைந்தால் போன் தானாக வைஃபை காலிங்குக்கு, அதாவது டவருக்குப் பதிலாக வைஃபை வழியாக அதே எண்ணில் பேசும் வசதிக்கு மாறிவிடும், எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அங்கே போன பிறகும் இதே மாதிரி என் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்க முடியுமா?

கஸ்டமர் கேரில் கேட்டால் ஒருவர் "எங்கிருந்து பேசினாலும் உள்ளூர்க் கட்டணம்தான் சார்" என்கிறார், மறுநாள் வேறொருவர் "வெளிநாட்டில் எல்லாமே ரோமிங்தான்" என்கிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை. தயவுசெய்து வாட்ஸப்பில் பேசுங்கள் என்று சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும். பேங்கும் இன்ஷூரன்ஸ்காரரும் வாட்ஸப்பிலா கூப்பிடுகிறார்கள்? ஓடிபியும் வந்தாக வேண்டும்.

சிக்னல்பித்தன்:

இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டும் வேறு வேறு சூழ்நிலைக்கு. வைஃபை காலிங்கில் உங்கள் போன் அந்த நாட்டு டவரைத் தொடுவதே இல்லை. இன்டர்நெட் வழியாக உங்கள் சிம் கம்பெனியின் ஒரு நுழைவாயில் சர்வரைத் தேடிப்பிடித்து, சிம்மில் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு "நான்தான்" என்று நிரூபித்து, அங்கே வரை ஒரு பூட்டிய சுரங்கப்பாதை போட்டுக்கொள்கிறது. ஈபிடிஜி என்று சொல்வது அந்த சர்வரைத்தான். அழைப்பு அந்தப் பாதையில் போய் உங்கள் சொந்த நெட்வொர்க்கில்தான் வெளியே வருகிறது. அதனால்தான் பல கம்பெனிகள் அதை நீங்கள் சொந்த நாட்டில் இருந்து பேசுவதாகவே கணக்கில் எடுக்கின்றன.

ஆனால் அது தொழில்நுட்பக் கட்டாயம் இல்லை, கம்பெனியின் முடிவு. வைஃபையின் ஐபி முகவரியை, அதாவது இன்டர்நெட்டில் அந்த இணைப்புக்கு இருக்கும் எண்ணை வைத்து நீங்கள் வெளிநாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து இணைப்பையே மறுக்கும் கம்பெனிகளும் உண்டு, அனுமதித்துவிட்டு ரோமிங் விலை போடுபவையும் உண்டு. போன் மூலம் விசாரிப்பதால் பயன் இல்லை. உங்கள் பிளானின் விதிமுறைப் பக்கத்தில் "வெளிநாட்டில் வைஃபை காலிங்" என்று தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் சாட்டில் கேட்டு பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சொந்த நாட்டில் இருப்பதாகக் கணக்கு என்றால் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். நீங்கள் நிற்கும் ஊரிலேயே பக்கத்துத் தெரு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டாலும் அது ஐஎஸ்டி. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், வைஃபை என்றால் எல்லாம் இலவசம் என்று நினைத்து.

பெட்டிபடுக்கை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் பில் ஏறுவது வேறு இடத்தில். வைஃபை இருந்தாலும் டவர் சிக்னல் பலமாக இருந்தால் பல போன்கள் டவரையே பிடிக்கும். செட்டிங்கில் வைஃபை காலிங்குக்குள் போனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் எதற்கு முன்னுரிமை என்று கேட்கும், அதை வைஃபைக்கு மாற்றுங்கள். சில கம்பெனி சிம் போட்ட ஐபோனில் ரோமிங்கின்போது வைஃபைக்கு முன்னுரிமை என்று ஒரு சுவிட்ச் தனியாக இருக்கும்.

அதையும் நான் முழுசாக நம்ப மாட்டேன். வைஃபையில் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால், போனும் கம்பெனியும் இடம் கொடுக்கும் பட்சத்தில், அழைப்பு சத்தமில்லாமல் அந்த நாட்டு டவருக்குத் தாவிவிடும். மீதிப் பேச்சு ரோமிங் விலையில். தாவ வழி இல்லாவிட்டால் துண்டிக்கும், அது பரவாயில்லை, செலவு இல்லை.

ஒரே ஒரு சிம்தான் என்றால் ஃபிளைட் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். டவரோடு பேச்சே இல்லை, டவர் வழியாக ரோமிங் வர வழியே இல்லை. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: போன் வெளிநாட்டு டவரில் பதிந்து கிடக்கும்போது நீங்கள் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போனால், அது அந்த நாடு வரை வந்து மறுபடி ஊருக்குத் திரும்பிய மாதிரி ஆகி, சில கம்பெனிகளில் போகவும் வரவும் இரண்டு பக்கத்துக்கும் காசு எடுப்பார்கள். எடுக்காத காலுக்குக் காசு! ஃபிளைட் மோடில் இருந்தால் அழைப்பு ஊரைத் தாண்டாது. கிளம்புமுன் வாய்ஸ்மெயிலையே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

மழைக்குருவி:

ரொம்ப நன்றி இருவருக்கும். ஒரு சிக்கல், அங்கே மேப் பார்க்க, வண்டி கூப்பிட டேட்டா வேண்டும் என்பதால் ஒரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) வாங்குவதாக இருக்கிறேன். ஃபிளைட் மோடு போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடுமே?

ரெண்டுசிம்:

போய்விடும். ஆனால் இ-சிம் இருக்கும்போது வைஃபையே தேவைப்படாமல் போகலாம். புதிய இரட்டை சிம் போன்கள் பலவற்றில் ஒரு சிம்மின் டேட்டா மேல் இன்னொரு சிம்மின் வைஃபை காலிங் ஓடும். பிக்ஸலில் பேக்கப் காலிங் என்று பெயர். ஐபோனில் ஊர் சிம்முக்கு வைஃபை காலிங்கை ஆன் செய்து, டேட்டாவை இ-சிம்முக்குக் கொடுத்து, செல்லுலார் டேட்டா மாற்றத்தை அனுமதிக்கும் சுவிட்சையும் ஆன் செய்ய வேண்டும். அந்தச் சுவிட்சைத் தொடும்போது ஊர் சிம்மின் டேட்டா ரோமிங் கண்டிப்பாக ஆஃபில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பேசும் நேரத்தில் டேட்டா ஊர் சிம்முக்கு மாறி பில் எகிறும்.

இந்த ஏற்பாட்டில் ஊர் சிம் வெளிநாட்டு டவரிலும் பதிந்திருக்கும், ஆகவே டயல் செய்யுமுன் மேலே வைஃபை காலிங் அடையாளம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணை எப்போதும் பிளஸ் குறியும் நாட்டுக் குறியீடும் போட்டே சேமித்து வையுங்கள். எந்த வழியில் போனாலும் சரியான ஆளுக்குப் போகும்.

கம்பிவடம்:

எல்லாம் சரியாக செட் செய்தும் விடுதி வைஃபையில் அடையாளம் வராமல் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பிரவுசரைத் திறந்து அந்த லாகின் பக்கத்தை முடியுங்கள், அதை முடிக்காமல் எதுவும் ஓடாது. முடித்தும் வரவில்லை என்றால் அவர்களின் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கின் காவல் தடுப்பு, யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை (இன்டர்நெட் போக்குவரத்துக்கான வாசல்கள்) அடைத்து வைத்திருக்கக்கூடும். அந்தச் சுரங்கப்பாதை அந்த இரண்டில்தான் போகிறது. அலுவலக நெட்வொர்க்குகளில் இது சகஜம். வாட்ஸப் ஓடும், யூடியூப் ஓடும், வைஃபை காலிங் மட்டும் ஓடாது.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, நொடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே தாராளம். குரலைச் சுமக்கும் டேட்டா துண்டுகளான பாக்கெட்டுகள் தாமதமாகவும் முன்பின்னாகவும் வந்தால்தான் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். விபிஎன் (வேறு இடத்து சர்வர் வழியாக இன்டர்நெட்டைத் திருப்பிவிடும் வசதி) போட்டுப் பாருங்களேன், சிம் கம்பெனி ஐபியை வைத்துத் தடுத்தாலும் சரியாகிவிடும்.

சிக்னல்பித்தன்:

கம்பிவடம், போனில் போடும் விபிஎன் ஆப் பெரும்பாலும் இதற்கு உதவாது. வைஃபை காலிங் பாதையை போனின் சிஸ்டமே நேரடியாகப் போட்டுக்கொள்கிறது, ஆப்பின் விபிஎன்னுக்குள் அது நுழைவதில்லை. விபிஎன் ரவுட்டரில் ஓடினால் மட்டும் பலன் உண்டு, அதற்காகவே சிலர் கையடக்க ரவுட்டர் கொண்டுபோகிறார்கள். ஆனால் கம்பெனி விதியிலேயே வெளிநாட்டில் கூடாது என்று இருந்தால் அதைச் சுற்றிப் போகச் சொல்ல மாட்டேன். இன்டர்நெட் வழிப் பேச்சைக் கட்டுப்படுத்தும் நாடுகளும் இருக்கின்றன, அங்கே உள்ளூர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அவசர உதவி எண்ணுக்கு வைஃபை காலிங்கை நம்ப வேண்டாம். நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குச் சரியாகப் போய்ச்சேரும் என்று உறுதி இல்லை. அமெரிக்க கம்பெனிகள் இந்தச் சேவையை ஆன் செய்யும்போதே ஒரு அவசர முகவரி கேட்டு வாங்குவது இதனால்தான். போகும் நாட்டின் அவசர எண்ணைக் குறித்துவைத்து, தேவைப்பட்டால் ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு டவர் வழியாகக் கூப்பிடுங்கள்.

பெட்டிபடுக்கை:

மழைக்குருவி, ஓடிபிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வைஃபை காலிங்கில் குரல் வருவதால் எஸ்எம்எஸ்ஸும் வரும் என்று அர்த்தம் இல்லை, கம்பெனி இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஃபிளைட் மோடு, வைஃபை ஆன், அடையாளம் வரும் வரை பொறுத்து, ஒரு ஓடிபி கேட்டுப் பாருங்கள். *-ல் தொடங்கி #-ல் முடியும் பேலன்ஸ் பார்க்கும் கோடுகளும் இதில் பொதுவாக ஓடாது, கம்பெனி ஆப்பை இப்போதே இறக்கி லாகின் செய்து வையுங்கள்.

மழைக்குருவி:

இப்போதுதான் சோதித்தேன். அழைப்பு பிரமாதமாக வருகிறது. நண்பர் அனுப்பிய எஸ்எம்எஸ், பேங்க் ஓடிபி இரண்டும் வரவில்லை, ஃபிளைட் மோடை எடுத்த உடனே இரண்டும் சேர்ந்து வந்து விழுந்தன.

ரெண்டுசிம்:

அப்படியானால் ஊர் சிம்மை முழு நேரமும் ஃபிளைட் மோடில் வைக்க முடியாது. ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பல கம்பெனிகள் காசு எடுப்பதில்லை, உங்கள் பிளானில் அது எப்படி என்று பாருங்கள். இலவசம் என்றால் ஓடிபி வேண்டிய நேரத்தில் மட்டும் மோடை எடுங்கள், டேட்டா ரோமிங் ஆஃபில் இருக்கட்டும், அந்த நேரத்தில் வரும் அழைப்பை எடுக்க வேண்டாம். எஸ்எம்எஸ் ரோமிங்கில் வருவதற்கே சர்வதேச ரோமிங்கை முதலில் ஆக்டிவேட் செய்ய வேண்டியிருக்கலாம், அதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், அங்கே போன பிறகு அதற்கும் ஒரு ஓடிபி கேட்பார்கள்.