ட்யூப் அம்ப் இரைகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். என் பழைய ட்யூப் கிற்றார் அம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஒலிபெருக்கி), கிற்றார் வயரைக் கழற்றி வொலியூமைப் பூச்சியத்தில் வைத்தாலும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. கிற்றார் சத்தத்தை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூபைக் கழற்றியும் பார்த்தாயிற்று, இரைச்சல் மாறவில்லை. அப்போ பிழை அதற்குப் பிறகு வரும் பகுதியில்தான். போனில் செயலி போட்டுப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு என்றால் பவர் சப்ளையில் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிற்றர் காய்ந்துவிட்டதோ? அல்லது கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு இஎல்84 ட்யூபும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையோ? ஜெனரேட்டரில் போட்டாலும் இதே கதைதான், எனவே வீட்டு வயரிங்கைத் திட்ட வழியில்லை.

கழற்றும் முன், நிறுத்திய பிறகும் கப்பாசிற்றரில் நிற்கும் முந்நூறு வோல்ட்டை எந்த ரெசிஸ்ற்றர் போட்டு இறக்குவீர்கள்? 47 மைக்ரோஃபராட், 450 வோல்ட் கப்பாசிற்றர் வவுனியாவில் எங்காவது கிடைக்குமா, யாழ்ப்பாணம்தான் போகவேண்டுமா?