3 வருடத்தில் பிள்ளைகள் குறைந்தால் ஆய்வு முடிவு எந்தப் பக்கம் சாயும்?

கோட்டையூர் ஆய்வாளர்:
காரைக்குடி, தேவகோட்டைப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை வாசிப்புப் பயிற்சியின் பலனை அளக்கத் திட்டம். பயிற்சிக் குழு 200, ஒப்பீட்டுக் குழு 200. வேலைக்காகக் குடும்பம் திருப்பூர், சென்னை போனால் பிள்ளையும் போய்விடும். 20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தால் போதுமா?

புள்ளியியல் வாத்தியார்:
போதாது சார். அதனால் எண்ணிக்கை காப்பாற்றப்படும், சாய்வு, அதாவது முடிவு ஒரு பக்கம் தவறாகச் சாய்வது, அப்படியேதான் இருக்கும். 100 பேரின் சராசரி 50 என்று வையுங்கள். விலகும் 25 பேரின் சராசரி 38 என்றால் மிச்சம் 75 பேருக்கு 54 வரும். ஒரு பிள்ளைகூட முன்னேறவில்லை, அட்டவணையில் மட்டும் 4 மார்க் ஏறியிருக்கும்! இதுவே ஒப்பீட்டுக் குழுவில் மட்டும் நடந்தால் பயிற்சியின் பலன் குறைவாகத் தெரியும். விலகியோர், இருப்போர் இருவரின் தொடக்க மார்க்கையும் குழுவாரியாக ஒப்பிட்டு அறிக்கையில் போட்டே ஆகவேண்டும்.

தேவகோட்டை களப்பணி:
கணக்குக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள். முதல் நாளே மூன்று போன் நம்பர் வாங்குங்கள்: பெற்றோர், அப்பத்தா அல்லது ஆயா வீடு, பக்கத்து வீடு. பெற்றோர் நம்பர் மாறினாலும் அப்பத்தாவுக்குப் பேரன் இருக்கும் இடம் தெரியும். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணையும் அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள், டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்தாலும் அதே எண்தான். பொங்கலுக்கும் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கும் ஊர் திரும்புவார்கள், தேர்வுத்தாளோடு அப்போது போங்கள். எல்லோரையும் தேட முடியாவிட்டால், காணாமல் போன 50 பேரில் 20 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து விடாமல் தேடுங்கள். கிடைத்த 20 பேருக்கும் தலா 2.5 எடை, அதாவது ஒவ்வொருவரையும் இரண்டரைப் பேராகக் கணக்கிடுங்கள். சுலபமாகக் கிடைப்பவரை மட்டும் பிடித்தால் பழைய சாய்வே திரும்பி வரும்.

கோட்டையூர் ஆய்வாளர்:
விலகியவருக்குக் கடைசி மார்க்கையே போட்டுவிடலாமா?

புள்ளியியல் வாத்தியார்:
அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய டென்னசி ஸ்டார் என்ற வகுப்பு அளவு ஆய்வின் தரவில் பொருளியலாளர் ஆலன் க்ரூகர் கிட்டத்தட்ட அப்படித்தான் சரிபார்த்தார். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் படிப்பையே நிறுத்திய பிள்ளை பழைய இடத்திலேயே நிற்கும் என்று நம்புவது ஆபத்து. அதைவிட, பலனுக்கு மேல், கீழ் எல்லை இரண்டையும் காட்டும் லீ எல்லை முறை பாதுகாப்பு. பயிற்சிக் குழுவில் 180 பேரும் ஒப்பீட்டில் 150 பேரும் மிஞ்சினால், பயிற்சிக் குழுவின் மேல் மார்க் 30 பேரை நீக்கி ஒருமுறை, கீழ் மார்க் 30 பேரை நீக்கி ஒருமுறை வித்தியாசம் பாருங்கள். குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பயிற்சி யாரையும் கூடுதலாக விலக வைக்கவில்லை என்றால், எந்தக் குழுவில் இருந்தாலும் விலகாத பிள்ளைகளுக்கான சராசரிப் பலன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழே போனால் ‘பலன் உண்டு’ என்று எழுதாதீர்கள்.