களர் நிலத்துக்கு மானிய ஜிப்சம்: ஒருமுறை போட்டுப் பலன் இல்லை, மறுபடியும் போடலாமா?

கேள்வி (வடவயல்):
வணக்கம். திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணிகண்டம் வட்டாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ளது. கோடையில் மண் வெளுத்துப் பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நாட்கணக்கில் கலங்கி நிற்கும். நட்ட நெல் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். மண்வள அட்டையில் பிஎச் 9.2 என்றும், மின்கடத்தும் திறன் 0.8 என்றும் குறித்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மானியத்தில் ஜிப்சம் வாங்கித் தூவி உழுதேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. இப்போது 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் களர் நிலத்துக்கும் உதவி உண்டு என்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது ஏரி வண்டல் அடிப்பது மேலா?

பதில் (கரிசல்காடு):
உங்கள் எண்களைப் பார்த்தால் இது களர்தான், உவர் அன்று: காரத்தன்மையைக் காட்டும் பிஎச் மிகுதி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் குறைவு. பலரும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுவதால்தான் மருந்து மாறிப்போகிறது. உவர் நிலத்தில் உப்பு மிகுதி. நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே பெரும்பகுதி போய்விடும். களரில் களித்துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடுகிறது. நீர் இறங்காததற்குக் காரணம் அதுவே. ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை இடம்பெயர்க்கும். ஆனால் இடம்பெயர்ந்த சோடியம் வயலைவிட்டு வெளியேறினால்தான் பயன் உண்டு. நீங்கள் தூவி உழுததாகச் சொல்கிறீர்கள். தண்ணீர் கட்டி வடித்ததாகச் சொல்லவில்லை. வடிகால் இருந்ததா?

பதில் (வடவயல்):
இல்லை ஐயா. என் வயல் தாழ்வானது. வடிக்க வேண்டுமானால் பங்காளியின் வயல் வழியாகத்தான் விட வேண்டும், அவர் சம்மதிக்கவில்லை.

பதில் (கரிசல்காடு):
அப்படியானால் அந்த ஜிப்சம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. முதலில் வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். மண் ஆய்வுக்கூடத்தில் 'ஜிப்சத் தேவை' எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வயல்காரர் போட்ட அளவு உங்களுக்குப் பொருந்தாது. தூவியபின் மேலோட்டமாக உழுது, நல்ல தண்ணீரைக் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி வடிக்க வேண்டும். இப்படித் தண்ணீர் கட்டி வடிப்பதை நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். ஆழ உழுதால் ஜிப்சம் கீழே புதைந்து வீணாகும்.

பதில் (பச்சைத்தாள்):
திட்டத்தைப் பற்றி நானும் சொல்கிறேன். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 22 திட்டக் கூறுகளுடன் ரூ.206 கோடியில் இது அறிவிக்கப்பட்டது. 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாளுர விதை வழங்க ரூ.20 கோடியும், 37,500 ஏக்கர் களர் நிலத்தைச் சீர்படுத்த ரூ.7.5 கோடியும் ஒதுக்கினார்கள். வகுத்துப் பாருங்கள், களர் நிலத்துக்கு ஏக்கருக்கு ரூ.2,000 வருகிறது. இடுபொருளுக்கு அது கைகொடுக்கும். சமன்படுத்தும் டிராக்டர் வாடகைக்கும் வரப்புக் கூலிக்கும் போதாது. என் கருத்தில் திட்டத்தின் குறை இதுதான்: மூட்டையை எளிதாகத் தருகிறார்கள், வடிகாலைத் தனி ஒருவர் தலையில் விட்டுவிடுகிறார்கள். களரில் வடிகால் என்பது வயலுக்கு வயல் தொடர வேண்டிய பொது வேலை. நீங்களும் பங்காளியும் சேர்ந்தே விண்ணப்பித்தால் அவருடைய வயலும் தேறும், வழியும் கிடைக்கும். சிட்டா, அடங்கல், ஆய்வு முடிவு ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள். நடப்பாண்டு ஒதுக்கீட்டை அங்கே கேட்டுவிட்டுச் செலவைத் தொடங்குங்கள்.

வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் களர்ப் பகுதி ஏரியின் வண்டலும் களராக இருக்கக்கூடும் என்பதால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிஎச் பார்த்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். (எங்கள் ஊரில் பார்க்காமல் அடித்தவர்கள் இன்னும் வருந்துகிறார்கள்.)

பதில் (நாற்றங்கால்):
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள்: கிணற்று நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், வடித்து வெளியேற்றிய சோடியம் அதே நீரோடு திரும்பி வரும். ஆகவே மண்ணோடு நீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள்; இந்தக் கெடுதலை அளக்கும் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்ற எண் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் இருந்தால், ஜிப்சம் நிரப்பிய தொட்டி வழியாக நீரைப் பாய்ச்சும் முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

வடித்த பிறகு பசுந்தாளுரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். மற்றொரு பசுந்தாளுரமான சணப்பையைவிட இது களரைத் தாங்கும். விதையைக் கோடையிலேயே கேட்டு வையுங்கள், நடவுக்கு ஒரு வாரம் முன் கையில் கிடைத்தால் பயனில்லை. நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை களருக்கென்றே வெளியான இரகங்கள். உங்கள் வட்டாரத்திலேயே, நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் விசாரிக்கலாம். துத்தநாக சல்பேட்டை வழக்கமான 10 கிலோவுக்குப் பதில் ஏக்கருக்கு 15 கிலோ இடுங்கள்.

பதில் (வடவயல்):
மிக்க நன்றி. நீரை நான் ஆய்வுக்குக் கொடுத்ததே இல்லை. நாளை மண்ணும் நீரும் எடுத்துச் செல்கிறேன். பங்காளியிடமும் பேசிப் பார்க்கிறேன். அவர் வயலிலும் இந்த ஆண்டு பாதி நாற்று பிடிக்கவில்லை.