பிள்ளைக்கு வீசிங்: சுவர் காரணமா, நம்ம பழக்கமா?

வியாசர்பாடி அப்பா:
ஐப்பசி மழை ஆரம்பிச்சாலே பையனுக்கு இளைப்பு. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணி கசிஞ்சு, அவன் படுக்கிற பக்கத்துச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. ஹவுஸ் ஓனர் பெயின்ட் அடிச்சுத் தர்றார், ஒரே மாசத்துல பொரிஞ்சு உதிருது. டாக்டர் மருந்தை மாத்துறார், சுவரை யார் மாத்துறது?

கணக்குப்பிள்ளை:
எல்லாத்துக்கும் ஓனரையே திட்டாதீங்க. ராத்திரி கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் யார் போடுறது? சீன, மலேசியக் கொசுவத்திகளை எரிச்சுப் பார்த்து 2003-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு சுருள் விடுற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். அதை அணைக்கக் காசு வேண்டாம். 'பழகிடும்'னு இன்ஹேலரைப் பாதியில நிறுத்துறதும் நம்ம ஆளுங்கதான்.

வியாசர்பாடி அப்பா:
சாம்பிராணியை நிறுத்தியாச்சு சார். இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கம். திறந்தா கொசு, சாத்தினா தாளிக்கிற புகை வெளியே போகாது. சமையலும் படுக்கையும் ஒரே ரூம். வசதியா சிம்னி வெச்ச வீட்டுல உக்காந்துக்கிட்டு இதைப் பழக்கம்னு சொல்லாதீங்க.

முன்னாள் நர்ஸ்:
கரப்பான் பூச்சியை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. அமெரிக்க நகரங்கள்ல ஏழைப் பிள்ளைங்க 476 பேரை வெச்சு 1997-ல வந்த ஆய்வைப் பாருங்க. கரப்பான் அலர்ஜி இருந்து, படுக்கையறையிலயும் அதோட எச்சம் அதிகமா இருந்த பிள்ளைங்க ஆஸ்பத்திரில சேர்ந்தது மத்தவங்களைவிட மூணு மடங்குக்கு மேல. ஒரு போர்ஷன்ல மருந்தடிச்சா பக்கத்து போர்ஷனுக்குப் போயிட்டுத் திரும்பி வரும், இதுல பழக்கம் என்ன பண்ணும்? நியூசிலாந்துல ஆஸ்துமா பிள்ளைங்க வீட்டுக்கு நல்ல ஹீட்டர் மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. 2008-ல வந்த முடிவுல வீசிங்கும் இருமலும் குறைஞ்சிருந்தது.

கணக்குப்பிள்ளை:
அதே ஆய்வுல நுரையீரல் ஊதுதிறன் சொல்லிக்கிற மாதிரி கூடலைன்னும் இருக்கே, அதை ஏன் விட்டீங்க?

முன்னாள் நர்ஸ்:
கூடலைதான். ஆனா ஸ்கூலுக்கு மட்டம் போடுறது குறைஞ்சது. தினக்கூலிக்குப் போற அம்மாகிட்ட கேளுங்க, எது பெரிசுன்னு. வியாசர்பாடி தம்பி, பூஞ்சையைக் காஞ்ச துடைப்பத்தால தட்டாதீங்க, தூள் பறக்கும். தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டி மருந்தை உறிஞ்சுற குழாய்) வெச்சு டாக்டர் சொன்னபடி தினமும் கொடுங்க. கட்டிலைச் சுவத்தைவிட்டுத் தள்ளிப் போடுங்க.

வியாசர்பாடி அப்பா:
கட்டில் ஏதுங்க, பாய்தான். தள்ளி விரிச்சா அடுப்பு இடிக்கும். இன்ஹேலர் நிறுத்தாமதான் கொடுக்கிறோம். மேல்வீட்டுக்கு வேற ஓனராம், பைப் மாத்துற செலவு யாருதுன்னு ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க.