யானையை விழுங்கும் பாம்புக்கு என்ன பொருள்?

அனைவருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தருகிறேன். அடுத்த மாதம் அவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் அழைத்துப் போகிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும்.

பெரிய கோயிலின் ராஜராஜன் திருவாயில் என்னும் கோபுர வாசலில் நிற்கும் துவாரபாலகரின் (வாயிற்காவலர்) கதாயுதத்தைப் பாம்பு ஒன்று சுற்றியிருக்கிறது. அதன் வாயில் பாதி உடல் உள்ளே போன யானை. வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இதுதான்: யானையே பாம்புக்கு இரையென்றால் பாம்பு எவ்வளவு பெரியது, அதைத் தன் ஆயுதத்தில் விட்டிருக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவரே வியந்து கை காட்டும் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர்! கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சிற்ப நூல்களில் உள்ளதா, பின்னால் வந்தவர்கள் சொன்ன கதையா? யானை ஆணவத்தைக் குறிக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. எதற்கெடுத்தாலும் ஆணவம் என்று முடித்துவிடுகிறார்கள்.

தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பம் உண்டல்லவா? ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதற்குச் சமயப் பொருள் ஏதும் உண்டா, சிற்பியின் விளையாட்டு மட்டும்தானா?

கும்பகோணம், சுவாமிமலைப் பக்கத்து ஸ்தபதிகளோ கல்வெட்டு படித்தவர்களோ இங்கே இருந்தால் சொல்லுங்கள். நூலும் பக்கமும் குறிப்பிட்டால் தேடிப் படித்துக்கொள்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்திலோ திருபுவனத்திலோ இதே பாம்பைப் பார்த்தவர்கள் படம் இருந்தால் பதிவிடுங்கள்.