புதுப்பிப்பு: மொரிஸ் மைனர் எஞ்சினுக்குப் பச்சைதான்

அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 கார் பற்றி முன்பு கேட்டிருந்தேன்: 1098 சிசி எஞ்சின் முழுக்க யாரோ வெள்ளிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், அசல் நிறம் என்ன? சிலர் பச்சை என்றீர்கள், ஒரு அண்ணை பொன்னிறம் என்றார்.

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. இந்தக் காரில் உள்ள ஏ-சீரிஸ் வகை எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்து பச்சையாகத்தான் வந்தன. மொரிஸ் கார்களைத் தயாரித்த பிஎம்சி நிறுவனம் திருத்திப் புதுப்பித்து மாற்றீடாக விற்ற 'கோல்ட் சீல்' எஞ்சின்களுக்குத்தான் பொன்னிறம். எஞ்சின் ஒருகாலத்தில் மாற்றப்பட்டிருந்தால் அவர் சொன்னது சரியாகியிருக்கும்.

கோண்டாவில் கராஜில் டைனமோ பிராக்கெற்றைக் கழற்றிப் பார்த்தோம். தூரிகை எட்டாத இடம் அது. கிறீஸைத் துடைத்ததும் கடும் பச்சை தெரிந்தது! பக்க மூடியின் விளிம்பிலும் அதே பச்சை. பொன்னிறம் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் பொன்னிறமே அடித்திருப்பேன், அதுவும் அந்தக் காரின் வரலாறுதானே.

அந்தப் பிராக்கெற்றையே ஸ்டான்லி வீதிக் கடைக்குக் கொண்டுபோய் நிறம் கலக்கச் சொன்னேன். ஃபோனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், பச்சை அதில் வேறாகத் தெரியும். சூடு தாங்கும் எனாமல்தான் வாங்கினேன். பிளொக், ஹெட், ரொக்கர் கவர் எல்லாம் ஒரே பச்சை. சூடான புகை வெளியேறும் மனிஃபோல்டை மட்டும் விட்டுவிட்டேன், அந்தச் சூட்டில் பெயின்ற் கருகி உரிந்துவிடும்.

அடுத்து வயரிங்.