புதுப்பிப்பு: முருகைத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?

முந்தின பதிவில், கடல்நீர்த் தொட்டியில் முருகை (பவள உயிர்கள்) வளர்க்கும் புதியவர்கள் காளான் முருகை, சொவாந்தஸ் (சின்னப் பூக்கள்போல் கூட்டமாக வளர்வது), தோல் முருகையோடு தொடங்கலாம், எல்இடியை நாளுக்கு 10 மணித்தியாலம் முழுவீச்சில் எரியவிடலாம் என்று எழுதியிருந்தேன். இனங்கள் சரி. வெளிச்சக் கணக்கு பிழை, திருத்திக்கொள்ளுங்கள். அப்படி விட்டால் முருகை வெளிறிப்போகும்.

முதல் வாரம் வெளிச்சத்தை 30 வீதத்தில், நாளுக்கு 6 மணித்தியாலம் விடுங்கள். பிறகு வாரத்துக்கு 10 வீதம் கூட்டி, நேரத்தையும் மெல்ல ஏற்றி 8 மணித்தியாலத்தில் நிறுத்துங்கள். காளான் முருகைக்கு 50 பார் (PAR, முருகைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும், அதைத் தொட்டியின் அடியில் வையுங்கள். சொவாந்தஸுக்கு 100 அளவு. அது தண்டு நீண்டு மேலெழுந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

வன்னியில் பெரிய தலையிடி வெக்கைதான். தண்ணீர் 28 பாகையைத் தாண்டாமல், நீர்மட்டத்துக்குக் குறுக்கே சின்ன விசிறி பிடியுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ (சவ்வு வழியாக வடிகட்டிய) நன்னீர் மட்டும் விடுங்கள். உப்புநீர் விட்டால் உவர்ப்பு (சாரடர்த்தி அளவில்) 1.025ஐத் தாண்டிவிடும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கல்சியமும் நைத்திரேற்றும் கணக்கைக் குழப்பும். கரண்ட் போனால் லைற் இல்லாமல் ஒரு நாள் தாங்கும், நீரோட்டம் இல்லாமல் தாங்காது. பற்றரிக் காற்றுப்பம்பி கட்டாயம்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்: சொவாந்தஸில் பாலிடொக்சின் நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டே வெட்டுங்கள். அது ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள்.